தகட்டிலிருந்து தொடங்குங்கள்: மறந்துபோன சிறு விமானக் கம்பெனிகளின் வரலாற்றைத் தேடும் முறை

சிறு விமானக் கம்பெனி ஒன்றின் வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். வழி தப்புவதும் அங்கேதான். அமெரிக்காவின் எர்க்கூப் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் அமரும் சின்னஞ்சிறு உலோக விமானம். எர்கோ, ஃபோர்னி, ஏர் புராடக்ட்ஸ், ஆலான், மூனி என்று ஐந்து பெயர்களில், மேரிலாண்டிலிருந்து டெக்சாஸ் வரை ஐந்து மாநிலங்களில் அது தயாராகியிருக்கிறது. மூனி என்ற பெயரில் தேடுகிறவருக்கு எர்கோ கண்ணிலேயே படாது.

பெயருக்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது டைப் சர்டிபிகேட். ஒரு வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்று அரசின் விமானத்துறை ஆராய்ந்து கொடுக்கும் ஒப்புதல் அது. நிலப் பட்டாவைப்போல விற்கலாம், வாங்கலாம், ஏலத்திலும் எடுக்கலாம். கம்பெனி திவாலானாலும் அந்தக் காகிதம் உயிரோடு இருக்கும். வரைபடங்களும், இறக்கையைப் பொருத்தி வைத்து இணைக்கும் ஜிக்குகளும், மீந்த உதிரிபாகங்களும் பெரும்பாலும் அதன் பின்னாலேயே லாரி ஏறிப் போகும்.

வேலையைத் தொடங்கும்போதே ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கோட்டில் கம்பெனி யார் கையில் இருந்தது, இரண்டாவதில் டைப் சர்டிபிகேட் யாரிடம் போனது, மூன்றாவதில் வடிவமைத்தவர் எங்கே போனார். மூன்றும் ஒரே ஊரில் தொடங்கி மூன்று ஊர்களில் போய் முடியும். அவற்றை ஒரே கோடாகக் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகள்தான் இணையத்தில் அதிகம்.

தகடும் எண்களும்

விமானத்தை நேரில் பார்க்க முடிந்தால் முதலில் டேட்டா பிளேட்டைத் தேடுங்கள். தீயில் கருகாத உலோகத்தில், தயாரித்தவர் பெயர், மாடல், வரிசை எண், டைப் சர்டிபிகேட் எண் ஆகியவை பொறித்த சிறு தகடு. பழைய விமானங்களில் காக்பிட்டுக்குள்ளோ, இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரிலோ இருக்கும். பிற்கால விதிகள் வெளிப்புறத்தில், பின்வாசலுக்கு அருகிலோ வால் பகுதியிலோ இருக்கவேண்டும் என்கின்றன. அதனால் ஒரே விமானத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தகடுகளும் கிடைக்கலாம். இரண்டையும் படம் எடுங்கள். எண்கள் அச்சால் அடித்து ஏற்றியவை. மேலே பெயின்ட் படிந்திருந்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து எடுப்பது இன்னும் உறுதியான வழி.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, இன்ஜினுக்கென்று தனித் தகடு உண்டு. அதிலுள்ள எண்ணை விமானத்தின் எண்ணாகக் குறித்துக்கொண்டு வந்துவிடுவது. தகட்டில் கான்டினென்டல், லைகோமிங் என்று இருந்தால் அது இன்ஜினுடையது. இரண்டாவது, மூன்று உடைசல்களிலிருந்து ஒரு விமானம் பிறப்பது பழைய விமான உலகில் சாதாரணம். தகடு ஒன்றிலிருந்து, இறக்கை வேறொன்றிலிருந்து வந்திருக்கும். ஆகவே தகடு சொல்வதை உடம்போடு ஒப்பிடாமல் நம்பக்கூடாது.

கையில் புகைப்படம் மட்டும் இருந்தால் பதிவெண்தான் துணை. பதிவெண் வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. வரிசை எண் சேஸிஸ் நம்பர் மாதிரி. முன்னது மாறும், பின்னது மாறாது. அமெரிக்காவில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்கள் ஒரு விமானத்திலிருந்து நீக்கப்பட்டபின் வேறொன்றுக்குத் தரப்படுவதுண்டு. 1946ஆம் ஆண்டுப் படத்திலுள்ள எண்ணை இன்றைய பதிவேட்டில் தட்டினால் சம்பந்தமே இல்லாத செஸ்னா வந்து நிற்கலாம்.

அதே பதிவெண்ணில் காலம் காட்டும் குறிப்பும் உண்டு. 1948 முடியும்வரை அமெரிக்க விமானங்களில் ‘என்சி’ என இரண்டு எழுத்துகள் இருந்தன. ‘சி’ வணிகப் பதிவைக் குறித்தது. சோதனை விமானத்துக்கு ‘என்எக்ஸ்’. ஆனால் 30 ஆண்டுக்கு மேற்பட்ட விமானங்கள் பழைய எழுத்துகளை மறுபடி தீட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே வண்ணப்படத்தில் பளபளவென்று ‘என்சி’ தெரிந்தால் அது 1946 என்று முடிவுகட்டாதீர்கள். பின்னாளில் யாரோ ஆசையாகப் புதுப்பித்ததாக இருக்கலாம்.

டேட்டா ஷீட்டைப் படிக்கும் வரிசை

ஒவ்வொரு டைப் சர்டிபிகேட்டுக்கும் ஒரு டேட்டா ஷீட் உண்டு. அமெரிக்க விமானங்களுக்கு அந்நாட்டு அரசின் விமானத்துறையான எஃப்ஏஏவின் டைனமிக் ரெகுலேட்டரி சிஸ்டம் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சர்டிபிகேட் எண் தெரிந்தால் எண்ணால் தேடுங்கள். பெயரால் தேடினால் இன்றைய உரிமையாளர் பெயரில்தான் பட்டியல் வரும்.

எர்க்கூப்புக்கு ஏ-718, ஏ-787 என்று இரண்டு டேட்டா ஷீட்டுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிப்பது இந்த வேலைக்கு நல்ல பயிற்சி. தலைப்பில் இன்றைய உரிமையாளரைப் பாருங்கள்: கொலராடோவின் யூனிவேர். அடுத்து, கை மாறிய விவரம் இருந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மாடலாக இறங்குங்கள்: ஒப்புதல் கிடைத்த தேதி, இன்ஜின், அதிகபட்ச எடை, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் கட்டுப்பாட்டுப் பலகைகள் எத்தனை டிகிரி அசையலாம், எந்த வரிசை எண்கள் அடக்கம். கடைசியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மாடலை இன்னொன்றாக மாற்ற என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்களே கதை சொல்லும். 415-சி மாடலின் அதிகபட்ச எடை 1,260 பவுண்டு. 415-டி-க்கு 1,400 பவுண்டு. எடை கூடியதற்கு விலையாக டி-யில் வாலிலுள்ள எலிவேட்டர் பலகை மேல்நோக்கி 9 டிகிரிதான் போகும், சி-யில் 13. எர்க்கூப்பின் பெருமையே அது சுழன்று விழாது என்பதுதான். எடை ஏறினாலும் அந்தக் குணம் கெடாமலிருக்க மூக்கைத் தூக்கும் அளவைக் குறைத்தார்கள். விமானிகளுக்கு டி பிடிக்காமல் போனதன் காரணம் இந்த நாலு டிகிரி. இந்த அதிருப்தியைக் கம்பெனியின் விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது. டேட்டா ஷீட்டில் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் இலகு விளையாட்டு விமானங்களுக்கு 1,320 பவுண்டு வரம்பு வந்தபோது சி உள்ளே, டி வெளியே. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டின் தலைவிதி அப்படிப் பிரிந்தது.

எர்க்கூப்பை வைத்து ஒரு முழுச் சங்கிலி

எர்கோ என்பது இன்ஜினியரிங் அண்ட் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்பதன் சுருக்கம். 1930இல் ஹென்றி பெர்லினர் தொடங்கியது; ஆலை மேரிலாண்டின் ரிவர்டேலில். வடிவமைப்பாளர் ஃப்ரெட் வைக், அதற்குமுன் நாசாவின் முன்னோடியான நாகாவில் இருந்தவர். விமானம் 1937இல் பறந்தது, 1940இல் சர்டிபிகேட் பெற்றது. போருக்குமுன் 112தான் தயாராயின. 1946இல் நாலாயிரத்துக்கு மேல். மேசிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் சட்டைத்துணிக்குப் பக்கத்தில் விமானம் விற்றார்கள்.

பிறகு சந்தை சரிந்தது. 1946இல் அமெரிக்கா 33,000-க்கு மேல் சிறு விமானங்களைத் தயாரித்தது. மறு ஆண்டு அதில் பாதிகூட இல்லை. போரிலிருந்து திரும்பிய விமானிகளெல்லாம் சொந்த விமானம் வாங்குவார்கள் என்று போட்ட கணக்கு பொய்த்தது. குளோப், டெய்லர்கிராஃப்ட், லஸ்கம் என்று அந்தக் காலத்தில் விழுந்த கம்பெனிகள் வரிசையாக உண்டு. எனவே நீங்கள் தேடும் கம்பெனி 1946-க்கும் 1949-க்கும் நடுவில் மறைந்திருந்தால், நிர்வாகக் கோளாறு, குடும்பச் சண்டை என்று காரணம் தேடுமுன் இந்தச் சரிவைக் கணக்கில் எடுங்கள்.

எர்கோ விலக, மீதமிருந்தவற்றை சாண்டர்ஸ் ஏவியேஷன் விற்றுத் தீர்த்தது. 1950இல் சர்டிபிகேட் யூனிவேரிடம். 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்சிலுள்ள ஃபோர்னி வாங்கியது. ஃபோர்னி வெல்டிங் மெஷின் செய்கிற கம்பெனி. விமானத்தை எஃப்-1 ஃபோர்னேர் என்று பெயர் மாற்றி விற்றது. 1960இல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் நகரம், ஊரில் வேலைவாய்ப்பு வரட்டும் என்று ஆதரிக்க, ஏர் புராடக்ட்ஸ் சில விமானங்களைத் தயாரித்தது. 1964இல் கான்சஸின் மெக்பர்சனில் ஆலான்: ஜான் ஆலன், லீ ஹிக்டன் என்ற இருவரின் பெயர்களை ஒட்டியதால் வந்த பெயர். 1967இல் டெக்சாஸின் மூனி. 1970இல் உற்பத்தி நின்றது. 1974இல் சர்டிபிகேட் மறுபடி யூனிவேரிடமே வந்து சேர்ந்தது. எல்லோரும் சேர்ந்து செய்தவை 5,600-க்கு மேல்.

மூன்றாவது கோட்டை மறந்துவிடாதீர்கள். ஃப்ரெட் வைக் இந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இல் ஏஜி-1 என்ற மருந்து தெளிப்பு விமானத்தை வடிவமைத்தார்; பிறகு பைப்பர் கம்பெனிக்குப் போய் பானீ, செரோக்கி உருவாக்கத்தில் பங்கேற்றார். எர்க்கூப்பின் சிந்தனை எங்கே போனது என்று கேட்டால் விடை பைப்பர். எர்க்கூப் எங்கே போனது என்றால் விடை யூனிவேர்.

உடம்போடு ஒப்பிடுவது

எர்க்கூப் குடும்பத்தில் இது சுலபம். வாலில் ஒற்றைச் செங்குத்துத் துடுப்பு, அதன் முன்விளிம்பு மூனிக்கே உரிய விதமாக நேராக நின்றால் மூனி எம்10. இரட்டை வால், பின்னால் சறுக்கித் திறக்கும் குமிழ்க் கண்ணாடி என்றால் ஆலான் ஏ-2. உள்ளே எட்டிப் பார்த்து ரடர் பெடல் இல்லையென்றால் பழைய எர்கோவாக இருக்க வாய்ப்பு அதிகம். வைக்கின் வடிவமைப்பில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே இறக்கையின் எய்லரானும் வாலின் ரடரும் சேர்ந்து அசையும். ஆனால் பின்னாளில் பெடல் கிட் பொருத்திய எர்கோக்கள் உண்டு, ஆகவே பெடல் இருப்பதை மட்டும் வைத்து ஆலான் என்று முடிவுகட்டாதீர்கள். இறக்கையும் அப்படித்தான். தொடக்கத்தில் துணி, பிறகு பலர் அலுமினியத் தகடு போர்த்திக்கொண்டார்கள்.

பராமரிப்பு உத்தரவுகளும் வரலாற்று ஆவணங்களே. 2003-21-01 என்ற எஃப்ஏஏ உத்தரவு இந்த விமானங்களின் வெளி இறக்கைக்குள் துரு அரிப்பைச் சோதிக்கச் சொல்கிறது. அதைத் தேடும்போது யூனிவேர் என்ற பெயரில் தேடவேண்டும். எர்கோ ஆலை மூடி அரை நூற்றாண்டு கழித்தும் அதன் விமானத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் சர்டிபிகேட் வைத்திருப்பவர்தான்.

பத்திரிகைத் தொகுப்புகளில் தேடும்போது மட்டும் முறையைத் திருப்பிப் போடுங்கள். அங்கே விமானத்தின் பெயர்தான் அச்சேறியிருக்கும். 1941 ஆகஸ்ட் 12 அன்று கலிஃபோர்னியாவின் மார்ச் ஃபீல்டில் ஹோமர் பூஷே ராக்கெட் உதவியோடு மேலெழுந்தது ஒரு எர்க்கூப்பில்தான். எர்கோ என்று தேடினால் இப்படிப்பட்ட செய்திகள் நழுவிப்போகும்.

பெயர்கள் வைக்கும் பொறிகள்

டெய்லர், டெய்லர்கிராஃப்ட், பைப்பர்: மூன்றும் ஒரே புள்ளியில் பின்னிக்கிடக்கின்றன. சி. ஜி. டெய்லர் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் நடத்திய டெய்லர் ஏர்கிராஃப்டில் கப் விமானம் பிறந்தது. பணம் போட்ட வில்லியம் பைப்பரோடு ஒத்துப்போகாமல் 1935இல் டெய்லர் வெளியேறினார். 1937 மார்ச்சில் ஆலை தீப்பிடித்தது. கம்பெனி லாக் ஹேவனுக்குப் போய் அதே ஆண்டு பைப்பர் ஏர்கிராஃப்ட் ஆனது. ஆகவே டெய்லர் ஜே-2, பைப்பர் ஜே-2 இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. டெய்லர்கிராஃப்ட் என்பதோ வெளியேறிய டெய்லர் தனியாகத் தொடங்கிய போட்டிக் கம்பெனி. அதன் வடிவமைப்புக்கு லைசென்ஸ் வாங்கி 1938இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கம் தொடங்கிய ஆலை 1946இல் ஆஸ்டர் என்று பெயர் மாறியது. ஆஸ்டரின் பூர்விகத்தைத் தேடுகிறவர் அட்லாண்டிக்கைத் தாண்டவேண்டும்.

பெல்லாங்கா இன்னொரு பொறி. ஜூசெப்பே பெல்லாங்கா டெலவேரில் நடத்தியது ஒரு கம்பெனி. மின்னசோட்டாவின் அலெக்சாண்ட்ரியாவில் அவர் வடிவமைப்பு பல கைகள் மாறி, கடைசியில் மறுபடி பெல்லாங்கா என்ற பெயரைச் சூடிக்கொண்டது வேறு. இந்த இரண்டாவது பெல்லாங்கா 1970இல் சாம்பியன் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டதால், ஏரோன்கா சாம்ப் விமானத்தின் வழித்தோன்றலான சிட்டாப்ரியாவின் தகட்டிலும் பெல்லாங்கா என்று இருக்கும். ஏ-759 என்ற சர்டிபிகேட்டைப் பிடித்துக்கொண்டால் ஏரோன்கா, சாம்பியன், பெல்லாங்கா, அமெரிக்கன் சாம்பியன் நான்கும் ஒரே நூலில் வரும்.

நம் ஊரில் எச்ஏஎல்லே ஒரு பொறி. ஃபிளையிங் கிளப்புகளுக்காகச் செய்த புஷ்பக் 1958 செப்டம்பர் 28 அன்று பறந்தது. அப்போது அந்தக் கம்பெனியின் பெயர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது 1964 அக்டோபரில்தான். புஷ்பக்கின் முழுக் குறியீடு எச்யுஎல்-26. சாயல் அப்படியே ஏரோன்கா சீஃப். இன்ஜின் 90 குதிரைத்திறன் கான்டினென்டல். வடிவமைப்புக்குத் தலைமை வி. எம். கட்டகே.

லைசென்ஸில் செய்தவர்கள்

தயாரித்தவரும் சர்டிபிகேட் வைத்திருப்பவரும் வேறாக இருக்கலாம் என்பதற்கு ஒசூரே போதும். ஒசூருக்கு அருகில் தனேஜா ஏரோஸ்பேஸ், இத்தாலியின் பார்ட்டனேவியாவிடம் லைசென்ஸ் பெற்று பி68சி என்ற இரட்டை இன்ஜின் விமானத்தைத் தயாரித்தது. நேப்பிள்ஸில் பார்ட்டனேவியாவை உருவாக்கியவர்கள் லூயிஜி பஸ்காலேவும் அவர் சகோதரர் ஜொவான்னியும். பி68 முதலில் பறந்தது 1970இல். இன்று அந்த வடிவமைப்பு வல்கனேர் கம்பெனியின் கையில். பஸ்காலே சகோதரர்களோ 1986இல் டெக்னம் தொடங்கிவிட்டார்கள். டெக்னம் பி2006டி-யைப் பார்த்து, ‘இது பி68-ன் தம்பி மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் சர்டிபிகேட்டில் இரண்டுக்கும் உறவு இல்லை. லைசென்ஸ் விமானத்தைப் பற்றி எழுதும்போது தகட்டிலுள்ள பெயரை ‘கட்டியவர்’ என்றும், மூலக் கம்பெனியை ‘வடிவமைத்தவர்’ என்றும் பிரித்து எழுதுங்கள்.

கோப்புகளைக் கேட்டுப் பெறுதல்

தனி ஒரு விமானத்தின் வாழ்க்கை வேண்டுமானால், அமெரிக்கப் பதிவுக்கு ஓக்லஹோமா நகரிலுள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் கோப்பு கிடைக்கும். இரண்டு பகுதிகள்: உரிமை மாற்றங்கள் ஒன்று, தகுதிச் சான்றும் பெரிய பழுதுகளும் மற்றொன்று. கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய பழுதுகளும் மாற்றங்களும் படிவம் 337-இல் பதிவாகியிருக்கும். துணி இறக்கை தகடாக மாறிய நாள் அங்கேதான் தெரியும். முதல் விற்பனைப் பத்திரம்தான் தங்கம்: தொழிற்சாலை யாருக்கு, எந்தப் பெயரில், எந்தத் தேதியில் விற்றது என்பது அதில் இருக்கும். கம்பெனி கைமாறிய மாதத்தை இப்படி நாலைந்து பத்திரங்களை வைத்தே நெருக்கிப் பிடித்துவிடலாம். பிரிட்டிஷ் பதிவுகளுக்கு அந்நாட்டு விமானத்துறையான சிஏஏவின் ஜி-இன்ஃபோ தளத்தில் 1919 முதலான பழைய பதிவேட்டுப் பக்கங்கள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. கையெழுத்தில் 1-ம் 7-ம் குழப்பும், நிதானமாகப் பாருங்கள்.

உற்பத்தி எண்ணிக்கையை எழுதும்போது கடைசி வரிசை எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துப் போட்டுவிடாதீர்கள். கம்பெனிகள் எண்களைத் தாண்டிக் குதிக்கும். புது உரிமையாளர் புதுத் தொடரைத் தொடங்குவார். ஒதுக்கிய எண்ணில் விமானமே உருவாகாமலும் போயிருக்கும். ‘தொடங்கிய ஆண்டு’ என்று எழுதினால் எந்த நிகழ்வு என்று சொல்லுங்கள்: பதிவு செய்ததா, முதல் விமானம் பறந்ததா, சர்டிபிகேட் கிடைத்ததா. எர்கோவுக்கு 1930, 1937, 1940 மூன்றுமே சரி. எதற்கு என்று சொல்லாவிட்டால் மூன்றுமே தவறு.

சர்டிபிகேட் வைத்திருப்பவர் கிடைத்துவிட்டால் எழுதிக் கேளுங்கள். உதிரிபாகம் விற்கிறவர்களானால் வரைபட எண்ணும் வரிசை எண்ணும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் பதில் வரும். சில சமயம் அது கம்பெனியாகவே இருக்காது. குளோப் ஸ்விஃப்ட் விமானத்தின் சர்டிபிகேட் உரிமையாளர் சங்கத்தின் ஸ்விஃப்ட் மியூசியம் ஃபவுண்டேஷனிடம் போனது.

வைத்திருப்பவர் தர மறுத்தால் சிக்கல்தான். ஃபேர்சைல்ட் எஃப்-45 என்ற 1930களின் விமானத்துக்கு வரைபடம் கேட்டு இரண்டு ஆர்வலர்கள் அடுத்தடுத்துத் தொடுத்த வழக்குகளில் இரண்டாவது, டெய்லர் எதிர் ஸ்டர்ஜெல் என்ற பெயரில், 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பழைய கம்பெனியின் வாரிசு நிறுவனம், அது வணிக ரகசியம் என்று மறித்ததே காரணம். வைத்திருப்பவரையே கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு மட்டும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது: சர்டிபிகேட் 3 ஆண்டுகளோ அதற்கு மேலோ செயல்படாமல் கிடக்கவேண்டும், உரிமையாளரோ வாரிசோ முறையாகத் தேடியும் அகப்படக்கூடாது, தரவு வெளிவருவது பறக்கும் பாதுகாப்புக்கு உதவவேண்டும். மூன்றும் பொருந்தினால் எஃப்ஏஏவிடமே கேட்கலாம். விண்ணப்பத்தில் நீங்கள் தேடிய விவரத்தைத் தேதி வாரியாக, திரும்பி வந்த கடிதங்களின் நகலோடு சேர்த்து அனுப்புங்கள்.